சாந்தோரினித் தீவின் இல்லங்கள்

பயணம் செய்வோர் பல திறத்தினர். பொருளீட்டச் செல்வாரும், பொழுது போக்கச் செல்வாரும், திருத்தலம் வணங்கச் செல்வாரும் உளர். இவரின் வேறாய்க் கற்றற்பொருட்டுக் கடல் கடப்பாரும் ஒரு சிலர் உளர். கற்றற்பொருட்டுக் கிரேக்க நாடு செல்வார், ஏதென்சு நகரின் அக்ரோபொலிசுக் குன்றினையும், அதன்மேல் நிற்கும் பார்த்தினன் கோயிலையும் காண விழைதலே பெரும்பான்மை வழக்கு. எமக்கோ அக்குன்றினும் ஒரு சிறு தீவே நெஞ்சை ஈர்க்கின்றது. என்றேனும் ஒருநாள் அந்நாடு செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டுமாயின், பிரேயசுத் துறைமுகத்திற் கப்பலேறிச் சாந்தோரினித் தீவினை அடைந்து, ஆங்கு எளிய மக்கள் தம் கையாற் சமைத்துக்கொண்ட வீடுகளைக் கண்டு கற்றல் வேண்டும் என்பதே எம் விருப்பம். இதனைக் கேட்ட நண்பர் சிலர் நகைத்தனர். தமிழ் பயிலும் மாணவர்க்குக் கிரேக்கத் தீவின் வீடுகள் எற்றுக்கு என வினவினர். அவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே இச்சிறு கட்டுரை.

சாந்தோரினி, கிரேக்கப் பெருநிலத்திற்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில், ஈஜியன் கடலின்கண் உள்ளது. தேரா என்பது அதன் பழம்பெயர். அரசினர் இன்றும் வழங்குவது அதுவே. இடைக்காலத்தில் இலத்தீன் மொழியினர், தூய ஐரீன் அம்மையாரின் பெயரால் அமைந்த ஆலயத்தைச் சுட்டி அத்தீவினை அழைக்க, அப்பெயரே மருவிச் சாந்தோரினி ஆயிற்று என்பர். இற்றைக்கு ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கோர் எரிமலை பெருமுழக்கத்துடன் வெடித்தது. தீவின் நடுப்பகுதி கடலுள் ஆழ்ந்தது. எஞ்சிய நிலம் பிறைபோல் வளைந்து நின்றது. உட்கடலை நோக்கிய பக்கம் செங்குத்தான பாறைச் சுவராயிற்று. அச்சுவர் சிலவிடங்களில் 300 மீட்டர் உயரம் உடையது. வெடித்தெழுந்த சாம்பலும் நுரைக்கல்லும் நிலத்தின்மேல் மலைபோற் குவிந்தன. அக்ரோத்திரி என்னும் இடத்திலிருந்த பழைய நகரம் ஒன்று அச்சாம்பலுள் முழுதும் மறைந்தது. 1967ஆம் ஆண்டு இசுபிரிடோன் மாரினாத்தோசு என்னும் தொல்பொருள் அறிஞர் அகழத் தொடங்கியபோதே, ஈரடுக்கும் மூவடுக்குமான மாடங்களும், கல் பாவிய தெருக்களும், அவற்றின்கீழ் ஓடிய கழிநீர்க் கால்களும் உலகிற்குப் புலனாயின.

இத்தகைய நிலத்தில் மக்கள் மீண்டும் குடியேறினர். ஆங்கு அவர்க்கு இல்லாதவற்றை முதற்கண் எண்ணுவோம். காடு இல்லை, ஆதலின் உத்தரத்திற்கும் கைமரத்திற்கும் மரம் இல்லை. ஆறு இல்லை, ஊற்றும் அரிது. மழை குளிர்காலத்தில் மட்டும் சிறிதளவு பெய்யும். காற்றோ ஓயாது வீசும். அக்காற்றிற்கு அஞ்சி, கொடிமுந்திரியைப் பந்தரில் ஏற்றாது, கூடைபோல் வளைத்து நிலத்தோடு நிலமாகப் படர விடுவர் அந்நாட்டு உழவர். அவர்க்கு மிகுதியாகக் கிடைத்த பொருள் ஒன்றே: முன்னோரின் நகரைப் புதைத்த அச்சாம்பல். அதனைக் கொண்டே அவர்கள் தம் மனைகளை அமைத்தனர்.

நம் ஆண்டவர், கன்மலையின்மீது வீடு கட்டிய புத்தியுள்ளவனையும், மணலின்மீது கட்டிய புத்தியில்லாதவனையும் உவமையாற் காட்டினார். சாந்தோரினி மக்களோ இவ்விருவரின் வேறாய் மற்றொரு வழி கண்டனர். அவர்கள் நிலத்தின்மேற் கட்டுதற்கு முன்னே நிலத்தினுள்ளே குடைந்தனர். இறுகிப் படிந்த எரிமலைச் சாம்பல், மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் இணங்கும் மென்மை உடையது. எனினும் வெட்டிய முகம் சரியாது நிற்கும் வன்மையும் உடையது. பாறைச் சரிவினுள் நீண்டு குறுகிய குகைபோல் ஓர் அறை குடைவர். மேற்புறத்தை வில்லென வளைப்பர். வாயிலில் மட்டும் ஒரு சுவர் எழுப்புவர். வெயிற்காலத்தில் உள்ளே குளிர்ச்சியும், குளிர்காலத்தில் வெம்மையும் நிலவும். சூழ்ந்துள்ள மண்ணே அவ்வீட்டிற்குப் போர்வை.

அங்ஙனமாயின் அக்குகைக்கு ஒளி யாங்ஙனம் வரும் என ஐயுறலாம். ஈண்டுத்தான் அம்மக்களின் நுண்ணறிவு விளங்குகின்றது. முகப்புச் சுவரின் நடுவே வாயில். அதன் இருமருங்கும் இரு சாளரங்கள். வாயிலுக்கு மேலே வளைவின்கீழ் மற்றொரு சிறு சாளரம். உள்ளே முன்னறையையும் பின்னறையையும் பிரிக்கும் சுவரிலும் இவ்வமைப்பே காணப்படும். ஆகவே முகப்பிற் புகுந்த ஒளி, ஒன்றன்பின் ஒன்றாய் நின்ற திறப்புகளின் வழியே பின்னறை வரையிற் சென்று சேரும். முன்னறை பலரும் அமர்தற்கு, பின்னறை துயிலுதற்கு. முற்றத்தின்கீழ் ஒரு நீர்த்தொட்டி உண்டு. கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீர் துளியும் வீணாகாது வழிந்து அத்தொட்டியை அடையும். கூரைக்குச் சுண்ணாம்பு தீட்டித் தூய்மையாக வைத்திருத்தல் கண்ணுக்கு இனிமை பயப்பதோடு, பருகும் நீருக்கும் காப்பாகும்.

குடைதற்கு இயலாத இடத்தில் அவர்கள் கட்டினர். தேரா மண் எனப்படும் அச்சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து நீர் வார்த்தால், அது கல்லென இறுகும் காரையாகும். நீரினுள்ளும் கரையாது உறுதி பெறும். அக்காரையையும் எரிமலைக் கற்களையும் கொண்டு, மரமின்றியே வளைவுக் கூரைகளை அமைத்தனர். 1869ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சூயசுக் கால்வாய்க்குரிய கட்டட வேலைக்கு இம்மண்ணே கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டது. அதன்பொருட்டு அண்மையிலுள்ள தெராசியாத் தீவில் மண் வெட்டியபோது, 1866ஆம் ஆண்டளவிற் பழைய வீடுகளின் சுவர்கள் வெளிப்பட்டன. ஒரு நகரைப் புதைத்த சாம்பல் பிற்காலத்தார்க்கு வீடாயிற்று. கடலையும் கடலையும் இணைத்த கால்வாய்க்குக் காரையும் ஆயிற்று. நம் நாட்டிலிருந்து ஐரோப்பா சென்ற கப்பல்கள் புகுந்து போந்தது அக்கால்வாயின் வழியே அன்றோ?

ஒரு வீட்டைத் தனியே காண்பதினும், ஊர் முழுவதையும் ஒருங்கே காண்டலே சிறப்பு. சரிவின்மேல் வீடுகள் படிப்படியாக அமைந்துள்ளன. மேல்வீட்டாரின் முற்றம் கீழ்வீட்டாரின் கூரை. ஒருவர் தம் முற்றத்தில் நீர் ஒழுக விடுவாராயின், மற்றொருவரின் படுக்கை நனையும். ஒருவர் உயர்த்திக் கட்டுவாராயின், பின்னுள்ளாரின் கடற்காட்சியும் காற்றும் மறையும். ஆதலின் அண்டை வீட்டாரை எண்ணாது அங்கே ஒரு கல்லும் வைத்தல் அரிது. ஓயா என்னும் ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கப்பல் வாணிகத்தாற் செல்வம் பெற்ற தலைவர்கள் மேட்டின் உச்சியில் மாடி வீடுகள் கட்டினர். அவர்தம் கப்பல்களில் உழைத்த மாலுமிகள் கீழேயுள்ள குகை வீடுகளில் வாழ்ந்தனர். எனவே ஆங்கு உயர்வு தாழ்வு இல்லையென யாம் கூறோம். ஆயினும் செல்வர் வீட்டிற்கும் வறியர் வீட்டிற்கும் காரை ஒன்றே. கொத்தரும் ஓர் ஊரினரே.

இனி, யாம் செல்ல விழையும் வழியில் எமக்கு முன்னே சென்ற மாணவர் ஒருவரைப் பற்றிக் கூறுவோம். பெர்னார்டு ருடோபுசுகி என்பார் 1905ஆம் ஆண்டு மொராவியாவிற் பிறந்து, வியன்னா நகரிற் கட்டடக்கலை பயின்றவர். 1929ஆம் ஆண்டு, தம் இருபத்து நான்காம் அகவையளவில், அவர் சாந்தோரினித் தீவிற்குச் சென்றார். அக்காலத்தில் ஐரோப்பியக் கட்டடக் கலைஞர் சிமிட்டிக் காரையைப் புத்துலகின் பொருள் எனக் கொண்டாடினர். அத்தகைய காரையால் உத்தரமும் கைமரமும் இன்றி வளைவுக் கூரை அமைக்கும் முறையை, கல்லூரி காணாத கொத்தர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருதலை ருடோபுசுகி கண்டார். அதனையே பொருளாகக் கொண்டு 1931ஆம் ஆண்டு தம் ஆராய்ச்சி நூலை எழுதிப் பட்டம் பெற்றார். பின்னர் 1964ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரின் நவீனக் கலைக்கூடத்தில், கலைஞர் பெயரில்லாக் கட்டடங்களைக் குறித்து அவர் நிகழ்த்திய நிழற்படக் காட்சியும், அதனோடு வெளியிட்ட நூலும் உலகப்புகழ் பெற்றன. கற்றோர் கட்டிய கோயில்களும் அரண்மனைகளுமே கலை வரலாறு என்றிருந்த எண்ணத்தை அவை அசைத்தன.

நண்பர்காள்! நும் வினாவிற்கு விடை இதுவேயாம். தமிழ் பயில்வார்க்கு முதற்கண் உணர்த்தப்படும் உண்மை யாது? முன்னே வழக்கு, பின்னே இலக்கணம். பேசுவாரும் பாடுவாரும் முன்னே தோன்ற, அவர் மொழியை ஆராய்ந்தே இலக்கண ஆசிரியர் விதி வகுத்தனர். நாம் போற்றும் தொகை நூல்களிலும் இயற்றினார் பெயர் தெரியாப் பாடல்கள் உள்ளன. பெயர் தெரியாமையால் அப்பாடல்களின் இனிமை குன்றியதோ? அவ்வாறே சாந்தோரினியின் கொத்தர் பெயரையும் எவரும் எழுதி வைத்திலர். வளைவின் அளவும், சாளரத்தின் இடமும், காரையின் கலப்பும் தந்தை கையினின்று மைந்தன் கைக்கு வந்தன. நூலின்றி வளர்ந்த இலக்கணம் அது. கற்றோம் என்னும் செருக்கு எம் உள்ளத்தே தலைதூக்குங்கால், அதனை அடக்குதற்கு அக்கொத்தரைப்போல் நல்லாசிரியர் பிறர் இலர் என எண்ணுகின்றோம்.

எனினும் அவ்வீடுகளை வாழ்த்தி மட்டும் அமைதல் உண்மைக்குப் பொருந்தாது. 1956ஆம் ஆண்டு சூலை மாதம் 9ஆம் நாள் விடியற்காலையில் அப்பகுதியிற் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாந்தோரினியின் வீடுகள் மிகப் பலவும் இடிந்தும் பிளந்தும் போயின. குடிகள் பலர் ஊரைவிட்டு ஏதென்சு முதலிய இடங்களுக்குச் சென்றனர். அழகிய ஊர்கள் ஆளின்றிக் கிடந்தன. அரசினர் புதுவீடுகள் கட்ட முற்பட்டபோது, அப்பணியை நடத்திய கான்சுதந்தீனோசு தெக்காவல்லாசு என்னும் கட்டடக் கலைஞர், தீவின் பழைய வளைவுக் கூரையையே புதிய வீடுகளுக்கும் கொண்டனர். கற்றவர் ஒருவர் கல்லாதாரிடம் கற்று, துயருற்றார்க்கு உதவிய செயல் இது. பயணத்தாலும் ஆராய்ச்சியாலும் விளைய வேண்டிய பயன் இத்தகையதே என்பது எம் துணிபு.

பின்னர் நேர்ந்தது வேறொரு மாற்றம். 1970களின் நடுப்பகுதி தொட்டுக் கிரேக்க அரசினரின் சுற்றுலா நிறுவனம், ஓயாவிற் பாழடைந்த குகை வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினர் தங்கும் இல்லங்களாக ஆக்கியது. அதனால் அழியவிருந்த வீடுகள் பல பிழைத்தன. ஊருக்கும் வருவாய் பெருகிற்று. அதனை யாம் குறை கூறோம். ஆயினும் நாளடைவில் தனியாரும் அவ்வழியே செல்ல, மாலுமியின் குகை செல்வர் தங்கும் விடுதி ஆயிற்று. மழைநீர்த் தொட்டி இருந்த முற்றங்கள் பலவற்றில் நீராடு குளங்கள் தோன்றின. ஏறக்குறைய 15,000 பேர் வாழும் தீவிற்கு ஓராண்டில் முப்பது இலட்சம் அளவினர் வந்து செல்கின்றனர். துளி நீரையும் காத்தற்கென அமைந்த வீடு, நீரை வாரி இறைக்கும் வீடாயிற்று. வடிவம் நின்றது, அதனைப் பெற்ற தேவை நீங்கிற்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் நிலம் இடையறாது நடுங்கியபோது பல்லாயிரவர் தீவை நீங்கிச் சென்ற செய்தியை நாம் அறிவோம். அந்நிலத்தின் இயல்பு மாறவில்லை. அதனை மறந்தவர் மனிதரே.

இதனை எண்ணுங்கால் எம் உள்ளத்தே ஓர் அச்சம் எழுகின்றது. ஒன்றனை அழகிது என ஆராய்ந்து கூறுவாரின் சொல்லே, பின்வருவார் பலரை அழைத்து வந்து, அவ்வழகின் வேரை அறுத்தற்கும் ஏதுவாகலாம். ருடோபுசுகி கண்ட தீவும் இன்று காணப்படும் தீவும் ஒன்றல்ல. அங்ஙனமாயின் மாணவர் செல்லாது இருத்தல் நன்றோ எனின், அன்று. செல்லும் முறை ஒன்று உண்டு. வீட்டின் வெண்மையைப் படம் எடுத்து மீள்வார் அதன் புறத்தையே பெறுவர். இவ்வளைவு ஏன் இவ்வளவு? இச்சாளரம் ஏன் இவ்விடத்தில்? இக்கூரை நீர் எங்கே செல்லும்? இவ்வீட்டாரின் பிள்ளைகள் இன்று எங்கே வாழ்கின்றனர்? இங்ஙனம் வினவுவாரே அதன் உயிரை அறிவர்.

ஆகவே எமக்கு அப்பயணம் வாய்க்குமாயின், அளவுகோலும் ஏடும் கையிற் கொண்டு, மாரிக்காலத்தே, கூட்டம் குறைந்த நாட்களிற் செல்வோம். மழை பெய்யும்போது ஒரு பழைய முற்றத்தின் ஓரத்தே நின்று, கூரைநீர் தொட்டியுள் இறங்கும் ஓசையைக் கேட்போம். கொத்துவேலை அறிந்த முதியார் எவரேனும் உளராயின், அவரிடம் மாணவராக அமர்வோம். மீண்டு வந்தபின், எம் நாட்டிற் கட்டுவார் அத்தீவின் வளைவைப் படியெடுத்தல் வேண்டும் எனக் கூறோம். தத்தம் மண்ணையும் மழையையும் வெயிலையும் அண்டை வீட்டாரையும் எண்ணிக் கட்டுக என்றே கூறுவோம். அத்தீவினர் நமக்குக் கற்பிப்பதும் அதுவே. அருள்மிகும் ஆண்டவர் அவ்வாய்ப்பினை எமக்கும், எம்மினும் தகுதியுடைய நண்பர்க்கும் அளிப்பாராக.