கடைசியாகத் தொட்டவருக்குப் பெயர்

மே 5, ஞாயிறு

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். தி.நகர் போய்விட்டு மடிப்பாக்கம் திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். காசைக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் எடுக்கவில்லை. பின்னால் ஆறேழு வண்டி, ஒரே ஹாரன். பங்க் பையன்கள் இரண்டு பேர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். "பழசாயிடுச்சு மேடம், குடுத்துட்டு வேற வாங்கிடுங்க" என்றான் ஒருவன். 2004இல் வாங்கிய வண்டி. இதுவரை என்னை நடுவழியில் இறக்கிவிட்டதில்லை.

வீட்டுக்கு போன் செய்தது தப்பு. முக்கால் மணி நேரத்தில் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள், கையில் எலுமிச்சம்பழம். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி, பழத்தை டயருக்கடியில் வைத்து, "இப்ப எடு" என்றாள்.

எடுத்தது.

மே 7, செவ்வாய்

கல்லூரி வாசலில் மறுபடி அதே கதை. கொஞ்ச நேரம் நிழலில் நின்றுவிட்டு முயன்றபோது எடுத்தது. நேராக மெக்கானிக் பாயிடம் கொண்டுபோய்விட்டேன். இருபது வருடமாக இந்த வண்டியைத் தொடுகிற ஒரே கை அவருடையது. அவர் பார்க்கும்போது, நல்லவேளையாக, எடுக்கவில்லை. முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். பிறகு ஃபியூஸ், பிறகு பிளக். கடைசியில் பெட்ரோல் டியூபைப் பிடுங்கி, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை.

"பம்ப் போச்சும்மா."

கண்ணெதிரே டியூப் காய்ந்து கிடக்கும்போது நான் என்ன சொல்ல?

மே 8, புதன்

புதுப் பம்ப் 4,800 ரூபாய், கூலி 600. பின்சீட்டைத் தூக்கி, டேங்கைத் திறந்து, மாட்டி முடிக்க இரண்டரை மணி நேரம். சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் எடுத்தது. பாய் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

மே 9, வியாழன்

நன்றாக ஓடுகிறது. பம்ப்தான் கோளாறு என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

மே 11, சனி

வேளச்சேரியில், மதியம் இரண்டு மணிக்கு, மருந்துக்கடை வாசலில் நின்றுவிட்டது. ஐந்தே நிமிடம் நிறுத்தியிருப்பேன்.

கோபம் தணிந்ததும், இந்த வாரத்தில் முதல் தடவையாக, வண்டியைக் கவனித்தேன். செல்ஃப் வழக்கமான தாளத்தில்தான் சுற்றுகிறது; டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் பாரமில்லாமல் விர்ரென்று ஓடும். சாவியை முதல் நிலைக்குக் கொண்டுவந்தால் பின்சீட்டுக்கடியில் இரண்டு நொடி 'ஊம்' என்று பம்ப் சுற்றி நிற்கிறது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அது மௌனம். இன்னொன்று: ஆர்.பி.எம். முள் பூஜ்யத்தைவிட்டு அசையவே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தபோது துள்ளியது நினைவிருக்கிறது.

அங்கேயே ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் நான். இந்த மூன்று அடையாளங்களையும் கரும்பலகையில் எழுதிப்போட்டால் என் இரண்டாம் வருடப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

இன்ஜின் சுற்றுகிறதா என்பதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது கிராங்க் சென்சர். ஒரு காந்தம், அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். எதிரே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பல்சக்கரம் சுற்றும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் ஒரு மின்துடிப்பு. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்ததற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. 60 பல்லுக்கு இடம் இருக்கும்; அதில் இரண்டை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்தப் பொக்கையை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. செல்ஃப் அடிக்கும்போது நிமிடத்துக்கு 250 சுற்று என்றாலும் நொடிக்கு 240 துடிப்பு வர வேண்டும்.

அது வராவிட்டால், இன்ஜின் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டிவிடும். நிற்கிற இன்ஜினுக்குப் பிளக்கில் கரண்ட் எதற்கு, இன்ஜெக்டர் எதற்கு, பம்ப் எதற்கு? எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும். பம்பை நிறுத்துவதில் நல்லெண்ணமும் உண்டு. விபத்தில் இன்ஜின் நின்று டியூபும் அறுந்தால் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா! ஆக, டியூபில் பெட்ரோல் வரவில்லை என்று பாய் சொன்னது நிஜம். பம்ப் கெட்டுப்போனதால் அல்ல. அதற்கு உத்தரவு போகவில்லை.

அப்படியானால் புதன்கிழமை ஏன் எடுத்தது? இரண்டரை மணி நேரம் பானெட்டைத் திறந்துபோட்டு வேலை நடந்தது, இன்ஜின் ஆறிவிட்டது. எலுமிச்சம்பழத்துக்கு முக்கால் மணி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அம்மாவின் பழத்துக்கும் என் 5,400 ரூபாய்க்கும் தர்க்கத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. தானாக விட்டுவிட்டு வருகிற நோய்க்கு, கடைசியாகத் தொட்டவர்தான் வைத்தியர்.

இதெல்லாம் இன்னும் ஊகம்தான். நாளைக்கு அளந்து பார்க்க வேண்டும்.

மே 12, ஞாயிறு

காலை ஆறரை. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது. பேட்டரி 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4. அதில் குறையில்லை. சென்சர் கப்ளரைக் கழற்றி, சென்சர் பக்கத்து இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன்: 870 ஓம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றிவிட்டு, தம்பி மகனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல சென்சர்! இந்த நேரத்தில் யார் அளந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கப்ளரை மாட்டி, ஏ.சி.யைப் போட்டு, வாசலிலேயே 35 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். ஓடும்போது கொஞ்சமாவது காற்றுப் படும். நிறுத்திய பிறகுதான் இன்ஜினின் சூடு முழுக்கச் சுற்றியுள்ள பொருள்கள்மேல் ஏறும். அதனால் பத்து நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினேன். எடுக்கவில்லை. இப்படிச் சந்தோஷப்பட்டது இதுவே முதல் தடவை.

மறுபடி கப்ளர், மறுபடி மீட்டர். எல்லைக்கு வெளியே என்கிறது. அதாவது சுருள் எங்கேயோ அறுந்திருக்கிறது. நேரே சென்சரின் காலில் அளந்ததால் வண்டி ஒயரிங்கில் சந்தேகமில்லை. எலி கடித்ததா என்றுதான் இவ்வளவு நேரமும் பயம்.

கழற்றுவதுதான் பாடாகிவிட்டது. ஒரே ஒரு போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பேனர். ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், கை நுழையாத சந்து. வெளியே வந்தபோது அதன் முனையில் இரும்புத்தூள் மீசைபோல ஒட்டியிருந்தது.

மாலையில் அடுப்படி. சென்சரைப் பாலித்தீன் பையில் கட்டி, ஒயரை வெளியே விட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கினேன். லேப் தெர்மாமீட்டரும் உள்ளே. 31 டிகிரியில் 870. 60இல் 965. 70இல் 998. இதுவரை தப்பு சொல்ல முடியாது. சூடானால் செம்பின் தடை இந்த அளவு ஏறத்தான் வேண்டும். 78 டிகிரியில் எண் இரண்டு முறை துடித்துவிட்டுக் காணாமல் போயிற்று. அடுப்பை அணைத்தேன். 64க்கு இறங்கியபோது திரும்பி வந்தது. உள்ளே தலைமுடி அளவு விரிசல். சூட்டில் விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. மூன்று தடவை செய்து பார்த்தேன். சாம்பார் வைக்கப் பாத்திரம் வேண்டும் என்று அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

மே 14, செவ்வாய்

ஜி.பி. ரோடு. முதல் கடையில் 350 ரூபாய்க்கு ஒன்று காட்டினார்கள், அட்டைப்பெட்டியில் எழுத்துப்பிழை. மூன்றாவது கடையில் 1,450. கையிலிருந்த மீட்டரை எடுத்துக் கவுன்ட்டரிலேயே அளந்தேன்: 880. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். புதுப்பேட்டையில் பழைய சென்சர் இருநூறுக்குக் கிடைக்கும் என்றார் ஆட்டோக்காரர். கதவு, கண்ணாடி என்றால் நானே போவேன். இருபது வருடம் சூட்டில் வெந்த இன்னொரு சுருளை வாங்குவதற்கு என்னுடையதையே வைத்துக்கொள்ளலாம்.

மே 15, புதன்

பாய்தான் மாட்டினார். ஸ்கேனரைப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிவந்து போட்டார். பி 0335 என்று வந்தது. கிராங்க் சென்சர் சர்க்யூட். "இத அன்னிக்கே போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்மா" என்றார். தெரிந்திருக்காது. இந்த வண்டியில் பேட்டரியைக் கழற்றினால் பதிவு அழிந்துவிடும். அன்று முதல் வேலையாக அதைத்தான் செய்தார். தவிர, அந்த எண் காட்டுவது சர்க்யூட்டை. சென்சரா, ஒயரா, கப்ளரா, பல்சக்கரமா என்பதை யாராவது மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. இன்றைய கூலியை வாங்க மறுத்துவிட்டார்.

மே 28, செவ்வாய்

கத்திரி இன்றோடு முடிகிறது. பதின்மூன்று நாளில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நேற்று அதே பங்கில், வேண்டுமென்றே, மதியம் ஒரு மணிக்கு நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தேன். முள் துள்ளியது.

பழைய பம்ப் டிக்கியில் கிடக்கிறது. கல்லூரி லேப்பில் இரண்டு நொடி பேட்டரி கொடுத்துப் பார்த்தேன். நன்றாகச் சுற்றுகிறது.