தப்பட்டைக்கும் பந்துக்கும் ஒரே ஊசி

ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று புகுந்துவிட்டால் கோவைப் பக்கத்துத் தப்பட்டைகள் தொய்ந்துவிடும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பொத்தென்றுதான் கேட்கும். அப்படியொரு மதியத்தில்தான் கிணத்துக்கடவைத் தாண்டி ஒரு சிற்றூரில், தப்பட்டையும் உருமியும் கட்டித்தரும் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, தப்பட்டையை அதன்மேல் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நடுநடுவே விரலால் சுண்டிக் காது கொடுத்தார்.

"இன்னும் பத்தலீங்க தம்பி. செத்த நேரம் உக்காருங்க."

அந்தச் செத்த நேரத்தில் வேலை முழுவதையும் பார்க்க முடிந்தது. வட்டச் சட்டம் ஒரே மரத்தில் வருவதில்லை. மூன்று வளைந்த துண்டுகளை இரும்புப் பட்டை வைத்து இணைக்கிறார். கன்றுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு மயிரைக் கழித்து, உள்பக்கச் சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். புளியங்கொட்டையை இடித்துக் காய்ச்சிய பசையைச் சட்டத்தில் தடவி, தோலை நாலாபக்கமும் இழுத்து ஒட்டி, நிழலில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடித்துவிடும். சுண்ணாம்புத் தொட்டியும் பசைச் சட்டியும் அவர் மனைவியின் பொறுப்பு. அந்த அம்மாவின் விரல் நுனிகள் சுண்ணாம்பு பட்டு வெளுத்து, வெடித்திருந்தன. மேளக் கலைஞர்களைப் பற்றி எழுதும்போது இந்தக் கைகளை நாம் எழுதுவதேயில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

உருமி இன்னும் நுணுக்கமான வேலை. ஒரு முகம் அடிப்பதற்கு, இன்னொரு முகம் வளைந்த குச்சியால் தேய்ப்பதற்கு. தேய்க்கிற பக்கத்துத் தோல் சரியாக அமையாவிட்டால் அந்த உறுமல் வராது. உடுமலை வட்டாரத்துத் தேவராட்டத்துக்கும், பொங்கல் சமயத்தில் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் கூடுகிற கூட்டத்துக்கும் அந்த உறுமல்தான் உயிர்.

சுவரில் குத்தூசி, மெழுகு தடவிய நூற்கண்டு, வளைந்த கத்தி ஆகியவை மாட்டியிருந்தன. ஊசியைக் காட்டிக் கேட்டபோது அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. வாலிபத்தில் மில் பையன்களின் கால்பந்துகளுக்கு அவர்தான் தையல் போட்டுக்கொடுத்தாராம்.

"தப்பட்டைக்குச் செத்த தோலு, பந்துக்கும் செத்த தோலு. ரெண்டுலயும் காத்து நிக்கோணும். அவ்வளவுதானுங்க."

கோவைக்கு 1888-இல் முதல் நூற்பாலை வந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபிறகு ஆலைகள் பெருகின. ஷிப்ட் முடிந்து வந்த இளைஞர்களுக்கு வெறும் பொட்டலும் ஒரு பந்தும் போதுமாக இருந்தன. அந்தக் காலத்துப் பந்து மேலே தோல், உள்ளே ரப்பர் பிளாடர், வாய்க்கு நாடா. மழையில் நனைந்தால் கனத்துப்போய், தலையால் முட்டுகிறவனுக்கு நெற்றி வலிக்கும். தையல் விட்டுப்போனால் புதுப்பந்து வாங்க யாரிடம் காசு இருந்தது? தோல் வேலை தெரிந்தவரைத்தான் தேடி வந்தார்கள்.

1970 உலகக் கோப்பையில் டெல்ஸ்டார் பந்து வந்தது. ஐங்கோணம் 12, அறுகோணம் 20, ஆக 32 துண்டுகள். அதுவும் தோல்தான். 1986 மெக்சிகோ உலகக் கோப்பையின் அஸ்டெகாதான் முழுக்கச் செயற்கைப் பொருளால் ஆன முதல் உலகக் கோப்பைப் பந்து. அதற்குப் பிறகு தையல் வேலை ஜலந்தர், மீரட், சியால்கோட் என்று பெரிய பட்டறைகளோடு நின்றுவிட்டது. கிணத்துக்கடவுப் பக்கத்து ஊசிக்குப் பந்து வருவது நின்றது.

இப்போது மேளத்துக்கும் அதே கதை நடக்கிறது. கொங்குத் திருவிழாக்களில் ஜமாப் செட்டுகள் வந்துவிட்டன. உலோக உடல், பைபர் முகம், போல்ட்டு முறுக்கினால் சுருதி. நெருப்பு வேண்டாம், ஈரக்காற்றுக்குப் பயமில்லை. அடிக்கிற இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓர் இரவில் இரண்டு ஊருக்குப் போகிறவனுக்கு வைக்கோல் தேட ஏது நேரம்? ஆனால் மாரியம்மன் கோயில் பூச்சாட்டு முடிந்து, கம்பம் நட்டு, அதைச் சுற்றி இரவில் ஆடும்போது காய்ச்சிய தோலின் அடி நெஞ்சுக்கூட்டில் விழுவதைப்போல பைபரின் அடி விழுவதில்லை. இதை நான் ரசனைக்காகச் சொல்லவில்லை. ஆடுகிறவர்களே சொல்கிறார்கள்.

கால்பந்துக்கும் கோவையில் ஒரு பெரிய நாள் இருந்தது. 2017-18 முதல் சென்னை சிட்டி அணி கோவை நேரு விளையாட்டரங்கத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. 2019 மார்ச் 9 அன்று இந்தியாவின் ஐ-லீக் போட்டியில் அந்த அணிக்குக் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே சறுக்கினால் கோப்பை அங்கே போய்விடும். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியில், எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டுப் பையன்களும் ஆடிய அணி, 43 புள்ளிகளோடு பட்டம் வென்றது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. 2020-21 பருவம் கொரோனா தொற்று காரணமாக முழுவதும் மேற்கு வங்கத்தில் நடந்தது. அதற்கடுத்த ஐ-லீக்கில் அந்த அணி இல்லை. கோவைக்கு வந்த பெரிய கால்பந்து அத்தோடு போனது.

சின்னக் கால்பந்து போகவில்லை. ஊர்ப் போட்டிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. பெரியவரின் மகன் மேளம் அடிக்கப்போன ஒரு போட்டிக்கு நானும் உடன் போனேன். கோட்டுக்கு வெளியே ஆறு பேர், நான்கு தப்பட்டை, ஒரு உருமி, ஒரு ஜமாப். ஆட்டம் மந்தமாகும்போது அடி ஏறியது. பந்து கோலை நெருங்கும்போது உருமி உறுமியது. கம்பம் ஆடிப் பழகிய ஒரு பையன் பந்தோடு திரும்பிய விதத்தில், ஒரு காலில் எடையைத் தாங்கி மறுகாலை விடுவிக்கும் அதே அடவைக் கண்டேன்.

இடைவேளையில் ஆட்டக்காரர்களும் அடிக்கிறவர்களும் ஒரே கேனிலிருந்து தண்ணீர் குடித்தார்கள். திரும்பிவந்து பெரியவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பன் கோயிலுக்கு அடிக்கப் போனா வாசல்லயே நிறுத்திப்போடுவாங்க. சாவுக்குக் கூப்புடுவாங்க, டீக்கடையில வேற டம்ளரு. கிரவுண்டுல என்ற பையனுக்கு அப்படியில்லீன்னா, நல்லதுதானுங்க."

அவ்வளவுதான் சொன்னார். நல்லதுதான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அன்று மகன் வாங்கிவந்த கூலி, வழியில் கிழிந்த ஒரு தோலை மாற்றுவதற்கே காணாது. பரிசுக் கோப்பைக்கும் பனியனுக்கும் பிளெக்ஸுக்கும் பட்ஜெட் போட்ட குழு, தோலுக்குப் போடவில்லை.

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் போட்டி நடத்துகிறவர்களுக்கும் திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிக்க ஆள் கூப்பிடும்போது கூலியோடு தோல் மாற்றும் செலவையும் காய்ச்சுகிற நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். பேசியதை அன்றைக்கே கையில் கொடுங்கள். நோட்டீஸில் புரவலர் பெயருக்குக் கீழே, மேளம் கட்டியவர் பெயரையும் அச்சடியுங்கள்.