லேக் மார்க்கெட்: மோச்சா என்றால் மொச்சை அல்ல

கொல்கத்தாவில் கறிவேப்பிலை தேடும் தமிழர்கள் கடைசியில் வந்து சேருமிடம் லேக் மார்க்கெட். காளிகாட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே சற்று நடந்தால் வாழையிலை, தொடுத்த பூ, காபிப் பொடி வாசனை. தெற்கே 1920களில் வெட்டப்பட்ட ஏரிதான் (இன்று ரவீந்திர சரோவர்) இந்தப் பெயருக்குக் காரணம்.

கம்பெனி ஆபீஸ்களுக்குக் கணக்கர்களாகவும் ஸ்டெனோகிராபர்களாகவும் வந்த தமிழர்கள் இங்கே குடியேறினார்கள். 1960களின் இறுதியிலிருந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாக வெளியேற, பிள்ளைகளும் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். பழைய சந்தை இருந்த இடத்தில் இப்போது லேக் மால். தமிழ்க் குடும்பங்கள் குறைந்தும் தோசைக் கடைகளில் கூட்டம் குறையவில்லை. சாப்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள். எனவே, இங்கே போகிறவர்கள் தமிழை மட்டும் நம்பிப் போவதைவிட நாலு வங்காளி வார்த்தைகளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கடைக்காரரை 'தாதா' என்றும் பெண்களை 'தீதி' என்றும் அழைத்தால் முகம் மலரும். காய்கறிக் கடையில் 'மோச்சா' என்றால் வாழைப்பூ; மொச்சை என்று நினைத்து ஏமாற வேண்டாம். 'சஜ்னே டாட்டா' முருங்கைக்காய். தண்ணீரைக்கூட அவர்கள் 'சாப்பிடுவார்கள்'. குடிப்பதற்கும் உண்பதற்கும் வினை ஒன்றே.

சைவ உணவுக்கு 'நிராமிஷ்' என்று கேட்க வேண்டும். ஆசாரமான வங்காளி வீட்டில் வெங்காயமும் பூண்டும்கூட அந்தக் கணக்கில் சேராது. ஆனால் மீன் மங்கலப் பொருள். கல்யாணச் சீர்வரிசைத் தட்டில் அலங்கரித்து வைப்பார்கள். மூக்கைச் சுளித்தால் விருந்தளிப்பவர் மனம் புண்படும்.

அருகிலுள்ள காளிகாட் கோயிலில் ஆடு பலி உண்டு. மனதைத் தயார்படுத்திக்கொண்டு போகவும். பூசாரிகள் தரிசனத்துக்கு அழைத்தால் தட்சிணையை முதலிலேயே பேசிவிடுவது உத்தமம். தமிழ் வீடுகளில் கொலு வைக்கும் நாட்களில்தான் துர்கா பூஜையும். விடிய விடியத் தெருவெல்லாம் ஜனவெள்ளம். டாக்சியை நம்பாமல் மெட்ரோவில் போகலாம். அறையை முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம்.

விடைபெறும்போது 'போகிறேன்' என்ற பொருள் தரும் 'ஜாச்சி'யைத் தவிர்த்து, 'ஆஷ்ச்சி' என்று சொல்ல வேண்டும். 'வருகிறேன்' என்று பொருள். தமிழருக்கு இந்த வழக்கத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.