கூலிக்காரர் வீட்டுக் கதவு

நமக்கு வக்கீல் நண்பர் ஒருவர் உண்டு. நல்ல ரஸிகர். ஆனால் கிராமத்துக் கூலிக்காரர்களைப் பற்றிய கதைப் புஸ்தகம் எதையாவது நாம் சிபாரிசு செய்தால் முகத்தைச் சுளிப்பார். "பகலெல்லாம் கோர்ட்டில் ஜனங்களின் கஷ்டத்தைத்தான் கேட்கிறேன். ராத்திரியிலும் அதையேதானா படிக்க வேண்டும்?" என்பார்.

நண்பரின் சலிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் பத்திரிகைகள் நெடுங்காலமாக இரண்டே விதமான கிராமங்களைக் காட்டி வந்திருக்கின்றன. ஒன்றில் தென்னஞ்சோலை, சலசலக்கும் ஓடை, கள்ளமற்ற பெண். மற்றொன்றில் கண்ணீர், கஞ்சி, கொடிய பண்ணையார். இரண்டிலும் ஒரு விந்தை உண்டு; யாரும் வேலை செய்வதில்லை! வரப்பில் பாட்டுப் பாடுவார்கள் அல்லது விம்மி அழுவார்கள். குனிந்து நாற்று நடுகிறவளுக்கு எந்த வேளையில் இடுப்பு கடுக்கும், சாயங்காலம் கூலி வாங்கும்போது எந்தக் கணக்கில் ஏமாற்றம் நேரும் என்ற விவரங்களைக் காண்பது அரிது.

இந்த விவரங்கள் பெரும்பாலும் சிறு பத்திரிகைகளிலும் சிறு பதிப்பகங்களிலுமே புகலிடம் பெற்றன. 1933-ல் தோன்றிய 'மணிக்கொடி'யில், தேயிலைத் தோட்டக் கூலிகளாய் இலங்கைக்குப் போன நெல்லைச் சீமை ஏழைகளைப் பற்றிப் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி' எழுதினார். 1942-ல் ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' கொங்கு நாட்டுக் குடியானவர் பேச்சை நாவலுக்குள் கொண்டு வந்தது. பிறகு விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி' 1955 முதல் 1962 வரையிலும், சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரையிலும் நடந்தன. இப்படிப்பட்ட பத்திரிகைகளுக்கு விளம்பர வருமானம் சொற்பம், சந்தாதாரர்களும் சொற்பம், நஷ்டம் மட்டும் தாராளம். ஆனால் லட்சம் வாசகர்களைத் திருப்தி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாததால், ஒரு சௌகரியம் இருந்தது. கரிசல்காட்டு மனிதர் கரிசல்காட்டுப் பேச்சே பேசலாம். அதை யாரும் திருத்த மாட்டார்கள்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' என்ற சிறுகதையை எடுத்துக் கொள்ளுங்கள். ஏழை வீட்டுக் குழந்தைகள் கதவில் ஏறி ஆடி விளையாடுகிறார்கள். வீட்டுத் தீர்வை பாக்கிக்காகக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். தகப்பன் பிழைப்புத் தேடி வெளியூர் போயிருக்கிறான். தாய் கூலி வேலைக்குப் போகிறாள். வாடைக் காற்று தடையின்றி உள்ளே வருகிறது. கைக்குழந்தை இறந்து போகிறது. கதையில் பிரசங்கம் இல்லை, வில்லனும் இல்லை. வந்தவர்கள் சட்டப்படிதான் வந்தார்கள். ஆனால் சர்க்கார் கணக்கில் ஜப்திப் பொருளாய் இருந்தது, குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்; குளிர் காலத்தில் அது உயிர்.

சில வருஷங்களுக்கு முன் இக்கதையைப் பத்தாம் வகுப்பில் வாசித்துக் காட்டினோம். முடிந்ததும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க வீட்டுல கேஸ் அடுப்பத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, சார்" என்றான். தாயார் வாங்கிய குழுக் கடனுக்கு இரண்டு தவணை பாக்கியாம். வசூலுக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தாராம். இருட்டின பிறகு அடுப்போடு போனாராம். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்ட பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

அதே பையன் முந்திய மாதம் 'எனது கிராமம்' என்ற வியாஸத்தில் தென்னஞ்சோலையும் ஓடையும்தான் எழுதியிருந்தான். அவன் ஊரில் இரண்டுமே கிடையாது! அச்சில் ஏறத் தகுந்த கிராமம் அதுதான் என்று அவனுக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். 'கதவு' படித்த மறு வாரம் ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வந்தான். களை வெட்டும் தாயைப் பற்றிய அந்தப் பக்கத்தில் நமக்கே தெரியாத வார்த்தைகள் மூன்று இருந்தன. எழுத்துப் பிழைகளைத் திருத்தினோம். அந்த மூன்று வார்த்தைகளுக்கு மட்டும் அவனிடமே அர்த்தம் கேட்டுக் குறித்துக் கொண்டோம்.

இது அற்ப விஷயம் அல்ல. கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டாரத்துக்கென்றே ஓர் அகராதி தொகுத்து வெளியிட்டார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு சம்சாரி செய்த காரியம் அது! பேச்சு அச்சேறத் தொடங்கியதும், பேசியவர்களும் எழுத வந்தார்கள். பூமணியின் 'பிறகு' 1979-ல் செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கையைச் சொல்லிற்று. த. பழமலய் 1988-ல் 'சனங்களின் கதை'யில் தம் ஊர் உறவினரைச் சாதாரணப் பேச்சிலேயே கவிதையாக்கினார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் ஊர்த் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தை நம் முன் நிறுத்தியது. இவற்றில் இரக்கத்தைவிட அறிவு அதிகம். வேலையின் நுணுக்கம், கூலிக்குள் ஒளிந்திருக்கும் ஜாதி, அடிபட்டவர் மத்தியிலும் உள்ள மேல் கீழ், நடுவே வெடிக்கும் ஹாஸ்யம் எல்லாம் இருக்கின்றன. நம் வக்கீல் நண்பர் பயப்படுகிற ஒப்பாரியை அங்கே காணோம்.

ஒரு குறை மட்டும் நம் மனத்தை உறுத்துகிறது. யாரைப் பற்றி இவை எழுதப்பட்டனவோ, அவர்கள் கைக்கு இவை எட்டுகின்றனவா? நல்ல நாவல் ஒன்றின் விலை பல வீடுகளில் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். ஆனால் வழி இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஓட்டு வீட்டுக் கூலிக்காரரும் அதைச் செலுத்துகிறார். அப்படியானால், அவர் கதையைச் சொல்லும் புஸ்தகம் அவர் ஊர் நூலகத்தில் இருக்க வேண்டியது தர்மம் அல்ல, பாத்தியதை.

நேயர்கள் அடுத்த முறை தங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது, மேலே சொன்ன புஸ்தகங்களில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கி வைக்கும்படி எழுதிக் கொடுங்கள். கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டு வந்து உரக்கப் படியுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளும் சற்று உட்கார்ந்து கேட்கட்டும். கதாசிரியர் எங்கே தவறினார் என்று நமக்கெல்லாம் சொல்லக் கூடியவர் அவர்தான்.