வடபுலத்துக் கூடத்தில் ஒரு திண்ணை

'சோபா' என நாம் நாள்தோறும் வழங்கும் சொல், அரபு மொழியின் 'ஸுஃப்பா' என்பதன் வழிவந்தது என்பதை மாணவர் பலர் அறியார். துருக்கி மொழியின் ஊடாக ஐரோப்பிய மொழிகளுள் புகுந்து, ஆங்கிலத்தின் வாயிலாக நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த சொல் அது. மதீனாப் பள்ளிவாசலின் நிழற்கூரையின்கீழ்த் தங்கியிருந்த, வீடற்ற நபித்தோழர்களைத் 'திண்ணைத் தோழர்கள்' எனத் தமிழில் குறிக்கிறோம் அல்லவா? அந்தத் திண்ணையே ஸுஃப்பா. வீடற்றோர் தங்கிய இடத்தின் பெயர், வசதி படைத்தோர் கூடத்தில் நடுநாயகமாக வீற்றிருக்கும் இருக்கைக்கு ஆகிவந்தது சொல்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இதனை வகுப்பறையில் பன்முறை சொல்லியிருக்கிறோம். ஆயினும் அச்சொல்லின் கனத்தை நாம் உணர்ந்தது சுவீடன் நாட்டில், நம் தம்பியின் வீட்டில்தான்.

தம்பி ஸ்டாக்ஹோம் நகரில் பணிபுரிந்து வருகிறான். நெடுங்காலம் ஒற்றை அறையில் தனித்து வாழ்ந்தவன், மணமான பின்னர்ச் சற்றே பெரிய அடுக்ககம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தான். சென்ற டிசம்பர் விடுமுறையில் நாம் அங்குச் சென்றபோது பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. "காக்கா, கூடத்தை நீங்கள் இருந்து ஒழுங்குசெய்து தாருங்கள். ஆனால் சோபா மட்டும் பழையதுதான். மற்றவை எல்லாம் அதனைச் சுற்றியே அமைய வேண்டும்" என்றான். பழம்பொருள் அங்காடியில் வாங்கிய, மூவர் அமரத்தக்க சோபா அது. மரக்கால்கள், வெளுத்த சாம்பல் நிறத் துணி, வலப்பக்கக் கைப்பிடியில் உள்ளங்கையளவு தேநீர்க் கறை. "புது வீட்டுக்கு இந்தப் பழசா?" என்றோம். அவன் சிரித்தானேயன்றி விடை கூறவில்லை.

ஸ்காண்டிநேவியப் பாணி என்றதும் வெண்சுவரும் மெலிந்த கால்களையுடைய மரச்சாமான்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அங்குச் சென்று பார்த்தபின்னரே அதன் காரணம் விளங்கியது. டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் பகற்பொழுது ஏறத்தாழ 6 மணி நேரமே. காலை எட்டரைக்குப் பின்னர் எழும் கதிரவன் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னரே மறைந்துவிடுகிறான். கிடைக்கும் சிறு வெளிச்சத்தையும் வீணாக்காது அறை முழுதும் பரப்பவே சுவருக்கு வெளிர்நிறம், தரைக்கு வெளிறிய மரம், சாளரத்துக்குக் கனத்த திரையின்மை. வெயிலை வெளியே நிறுத்த வீடு கட்டிய நாம், வெயிலை விருந்தாளியாக அழைக்கக் கட்டிய வீட்டைக் கண்டோம்.

விளக்குகளும் அவ்வாறே. மேற்கூரை நடுவே ஒரு குழல்விளக்கை எரியவிட்டுப் பழகியவர் நாம். அங்கோ சோபாவின் அருகில் ஒன்று, புத்தக அடுக்கில் ஒன்று, சாளர விளிம்பில் ஒன்று எனத் தாழ்வாகப் பல சிறு விளக்குகள். மின்குமிழின் கூச்சம் கண்ணில் படாதவாறு அடுக்கடுக்கான மறைப்புகளைக் கொண்ட விளக்குகளை 1920களில் வடிவமைத்தவர் டென்மார்க் நாட்டுப் பவுல் ஹென்னிங்சன். முதல்நாள் மாலை, "ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று தம்பியைக் கடிந்துகொண்டது நினைவிருக்கிறது.

ஆனால் எல்லாம் வெண்மையாகவே இருத்தல் வேண்டும் என்பது கடைக்காரர் பரப்பிய பாதி உண்மை. அதனை அப்படியே பின்பற்றினால் கூடம் மருத்துவமனை வார்டு போலாகிவிடும். கார்ல் லார்சன் என்னும் ஓவியர் சுண்ட்போர்ன் சிற்றூரில் இருந்த தம் இல்லத்தை நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டி 1899இல் நூலாக்கினார். அவ்வில்லத்தின் உணவறை சிவப்பும் பச்சையுமாய்ப் பொலிவது. அங்குள்ள துணிகள் பலவற்றை அவர் மனைவி காரின் தம் கையாலேயே நெய்தார். அதே 1899இல் எல்லென் கேய் என்ற எழுத்தாளர், 'அனைவர்க்கும் அழகு' எனப் பொருள்படும் தலைப்பில் நூலொன்று வெளியிட்டார். அழகிய வீடு செல்வர்க்கு மட்டுமே உரிய பேறன்று, பயன்படும் எளிய பொருளே அழகுக்கு அடிப்படை என்பது அவர் கட்சி. டென்மார்க்கின் பார்கே மோகென்சன் 1942இல் கூட்டுறவு அமைப்பொன்றின் அறைகலன் பிரிவுக்குத் தலைமையேற்று, எளிய குடும்பத்தாரும் வாங்கத்தக்க நாற்காலி மேசைகளை வடிவமைத்தார். 1945இல் அவர் வரைந்த சோபாவில் தோல்வாரைத் தளர்த்தினால் ஒருபக்கக் கை சாய்ந்து கால் நீட்ட இடந்தரும். இன்று அத்தகைய பொருள்கள் பெருவிலைக்கு விற்கப்படுவது வேறு கதை.

இத்துணையும் படித்தறிந்த பின்னர் வேலையில் இறங்கினோம். நம் ஊர் வழக்கப்படி சோபாவைச் சுவரோடு ஒட்டிச் சாளரத்துக்கு முதுகுகாட்டி வைத்தோம். அமர்ந்தவர் முகங்கள் இருண்டன. சாளரத்தை நோக்கித் திருப்பினோம். வடபுலத்துக் குளிர்கால வெயில் தாழ்ந்து வருவதாதலின் நண்பகலில் கண்ணைக் குத்தியது. மூன்றாம் முறை பக்கவாட்டில் வைத்தோம். இடப்புறமிருந்து வெளிச்சம் மெல்லப் படர்ந்தது. முன்கால்கள் மட்டும் படியுமாறு கம்பளம் விரித்தோம். தம்பி மனைவி கடுகு நிறத்தில் இரு திண்டுகள் தைத்துத் தந்தாள். சாம்பல் துணி அவற்றால் உயிர்பெற்றது. எஞ்சியது கறைதான். "உறையையாவது மாற்றிவிடலாமே" என்றோம்.

பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். வெளியே முழு இருள். தம்பி விளக்கை ஏற்றிவிட்டு அமர்ந்தான்.

"வாப்பாவின் ஜனாஸாவை இதில் உட்கார்ந்துதான் பார்த்தேன், காக்கா."

2020 ஜூனில் வாப்பா மௌத்தானார்கள். மார்ச் 23 முதலே வெளிநாட்டு விமானங்கள் நின்றுபோயிருந்தன. மைத்துனர் ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப்பிடிக்க, அதில்தான் அவன் எல்லாவற்றையும் கண்டான். அன்றிரவு அவனோடு பேசியபோது, 'மனமுண்டானால் மார்க்கமுண்டு' என்று ஒரு பழமொழியையும் தமிழாசிரியர் என்ற தகுதியில் எடுத்துச் சொன்னோம். அதன்பின் நெடுநாள் அவனோடு சரியாகப் பேசவுமில்லை.

"கபுருக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது தொடர்பு அறுந்துவிட்டது. கையிலிருந்த தேநீர் சிந்தியதே தெரியவில்லை. பிறகு உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை."

எடுக்கவில்லைதான். கபுருஸ்தானில் நின்றிருந்தோம், அவன் பெயர் ஒளிர்வதைக் கண்டும் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டோம். அதனை அன்றுதான் அவனிடம் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நகர்ந்து இடம்விட்டான், அருகில் அமர்ந்தோம். தம்பி மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே சென்றுவிட்டாள்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் ஆட்டுமயிரால் நெய்த நீலக் கம்பளிப் போர்வை ஒன்று வாங்கிவந்தோம். சோபாவின் முதுகில் விரித்தபோது அதன் ஓரம் வலப்பக்கக் கைப்பிடியின்மேலும் விழுந்தது. அதனை மடித்து இடப்பக்கமாகத் தள்ளிவைத்தோம்.