தபால்ல சேராத லெட்டர்!

வாஷிங்டன் போனா வெள்ளை மாளிகையோட திரும்பிடாதீங்க பாஸ்! கார்ல ஒரு மணி நேரம் போனா, மனாசஸ் வரும். புல்வெளி, வரிசையா பீரங்கிகள், ஒரே அமைதி! 1861 ஜூலை 21-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை நடந்த இடம்.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, வாஷிங்டன் முகாம்ல இருந்து மேஜர் சல்லிவன் பல்லூ தன் மனைவி சாராவுக்கு ஒரு லெட்டர் எழுதினார். காதல், சாவு பயம், ரெண்டு பசங்களைப் பத்தின கவலைனு எல்லாத்தையும் கொட்டினார். ஆனா, தபால்ல சேர்க்கலை!

சண்டையில பீரங்கிக் குண்டு அவர் காலைப் பறிச்சது. ஆஸ்பத்திரியா மாறியிருந்த சட்லி சர்ச்ல சில நாள்ல இறந்துட்டார். அவரோட பெட்டியிலதான் லெட்டர் கிடைச்சது. சாரா கடைசி வரை மறுமணம் செய்துக்கலை.

உங்க செல்போன்லயும் வீட்டுக்கு அனுப்பாத மெசேஜ் ஒண்ணு தூங்குதா? இன்னிக்கே தட்டி விட்டுடுங்க!