கம்பி வேறு, கூலி வேறு

பல்லடம் சாலையில் அப்பா வைத்திருந்த கடையை ஊரில் 'காயில் கட்டுற கடை' என்பார்கள். கோடை வந்தால் வாசல் முழுக்கக் கிணற்று மோட்டார்கள். ஒரு ஃபேஸ் போய், மீதி இரண்டில் ஓடிக் கருகியவைதான் அதிகம். பள்ளி விட்டு வந்ததும் கருகிய கம்பியைச் சாக்கில் அள்ளிப் போடுவது என் வேலை. எரிந்த வார்னிஷ் வாடை சோறு உண்ணும்போதும் கையில் வீசும்.

அப்பா ஹெச்.பி. கணக்கில் ஒரே தொகை பேசுவார். கம்பி, வார்னிஷ், கூலி எல்லாம் அதற்குள். பழைய செம்பு கடைக்கு. விவசாயிகளுக்கும் அது சுலபமாக இருந்தது.

2006 கோடையில் அந்தக் கணக்கு உடைந்தது. முந்தைய ஆண்டுத் தொடக்கத்தில் லண்டன் உலோகச் சந்தையில் டன் 3,200 டாலர் அளவில் இருந்த செம்பு, மே மாதம் 8,000 டாலரைத் தாண்டியது. அப்போது எங்களுக்கு லண்டன் நிலவரமெல்லாம் தெரியாது. கோயம்புத்தூர் கம்பிக் கடைக்காரர் நாங்கள் போகும்போதெல்லாம் புது விலை சொன்னார். திங்களன்று பேசிய மோட்டாருக்கு வியாழன் கம்பி வாங்கினால் கூலியில் பாதி கரைந்திருக்கும். செம்பு ஏறியது தெரிந்ததும் விவசாயிகள் பழைய கம்பியைத் திருப்பித் தரச் சொல்லவும் ஆரம்பித்தார்கள். கடையின் லாபமே பெரும்பாலும் அந்தச் சாக்கில்தான் இருந்தது.

கணக்கு எழுதிய அம்மாதான் வழி சொன்னார்.

"ஏனுங்க, கம்பி வேற, கூலி வேறன்னு எழுதுங்க. கம்பிய அவங்க கண்ணு முன்னாலயே நிறுத்துப் போடுங்க."

"பில்லப் பார்த்தா மலைச்சுப் போயிருவாங்க."

"மலைக்கட்டும். நெசம் தெரியுமில்லீங்க."

அதன்பின் கம்பி, கட்டும் நாளின் கடை விலைக்கு. பழைய செம்பை நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் எடுத்துப் போகலாம். கூலி மட்டும் ஹெச்.பி. கணக்கில். எங்கள் வேலைக் குறையால் மோட்டார் ஆறு மாதத்துக்குள் மறுபடி போனால் காசு வாங்காமல் கட்டித் தருவோம். எந்த பில்லிலும் ஏறாத அந்தச் செலவையும் அம்மா கூலிக்குள் சேர்த்தார். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்பேன். கம்பி விலை ஏறினதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், இந்தச் செலவு யார் கண்ணிலும் படவில்லை.

முதல் வாரம் சிலர் முகம் சுளித்தார்கள். தராசு முள்ளைத் தாங்களே பார்த்ததும் எடையைப் பற்றிய பேச்சு நின்றது. கூலியில் பேரம் பேசினால் அப்பா இறங்க மாட்டார், கம்பி எடையில் கூட்டி ஈடுகட்டவும் மாட்டார். இப்போது கடையைத் தம்பி நடத்துகிறான். பில்லில் கம்பி அன்றைய விலைக்கு, கூலி தனியாகத்தான் இருக்கிறது.